எல்லோருக்கும் பரிசோதனை ஆயிற்று, வீட்டில் அம்மாவுக்கு?



நிஷிகசாய் என்றதும் நம்மவர்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? கறிவேப்பிலையும் துவரம்பருப்பும் கிடைக்கும் கடைகள், காலை எட்டு மணித் தோசாய் ரயிலில் மூச்சுவிட இடமில்லாத நெரிசல், ஆண்டுதோறும் நடக்கும் தீபாவளி விழா, மாலையில் அடுக்குமாடிகளுக்கு நடுவே தமிழில் சண்டை போட்டுக்கொண்டு விளையாடும் பிள்ளைகள்... டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில், அரகவா ஆற்றைத் தாண்டியதும் வரும் இந்தப் பேட்டை நமக்கு இன்னொரு சொந்த ஊராகவே ஆகிவிட்டது.

உடல்நலப் பகுதியில் இம்முறை ஒரு நோயைப் பற்றியோ ஒரு கீரையைப் பற்றியோ எழுதப் போவதில்லை. நாம் வாழும் இந்தப் பேட்டையைப் பற்றியும், இங்கு நம் வீடுகளில் பல ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு தவற்றைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச விரும்புகிறோம். சிலருக்கு இது கசக்கலாம். கசப்பு மருந்தும் தேவைதானே!

நாம் ஏன் இங்கே வந்து சேர்ந்தோம்?

நிஷிகசாய் பழமையான ஊர் அல்ல. இங்குள்ள ரயில் நிலையமே 1979ஆம் ஆண்டு அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. நிலையத்துக்குத் தெற்கே உள்ள செய்ஷின்சோ, கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் எழுந்த குடியிருப்பு. 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய ஜப்பானிய நிறுவனங்களுக்குப் பொறியாளர்கள் தேவைப்பட்டபோது, இந்தியாவிலிருந்து இளைஞர்கள் கூட்டமாக வந்தார்கள். வங்கிகளும் பெரிய அலுவலகங்களும் உள்ள ஓதேமாச்சி, இங்கிருந்து ஒரே ரயிலில் சுமார் கால் மணி நேரம். அது ஒரு வசதி. இன்னொன்று, யூஆர் எனப்படும் பொதுக் குடியிருப்புகள். முன்பணமாக 'நன்றிப் பணம்' கேட்கமாட்டார்கள், ஜாமீனுக்கு ஆள் கேட்கமாட்டார்கள். வெளிநாட்டுக்காரன் என்று தெரிந்ததும் கதவைச் சாத்தும் வீட்டு உரிமையாளர்களிடம் அலைந்து களைத்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

ஒருவர் வந்தார், நண்பரை அழைத்தார். நண்பர் திருமணம் செய்துகொண்டு மனைவியை அழைத்து வந்தார். கடைகள் வந்தன. 2006ல் இந்தியப் பாடத்திட்டப் பள்ளியும் டோக்கியோவில் இன்னொன்று வந்தது. இன்று ஜப்பானிலேயே இந்தியர்கள் அதிகமாக வாழும் இடங்களில் எடோகவா வார்டு முதன்மையானது.

உடல்நலம் என்ற கண்ணோடு பார்த்தாலும் இந்தப் பேட்டைக்கு என்ன குறை? மேடு பள்ளம் இல்லாத தரை. சைக்கிள் இல்லாத வீடு இல்லை. மேற்கே அரகவா ஆற்றின் கரையில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம். வடக்கே கியோசென் பூங்காவில் கட்டணம் இல்லாத சிறிய விலங்குக் காட்சிச்சாலை இருக்கிறது. தெற்கே மரநிழலோடு நீண்டு கிடக்கும் பொழுதுபோக்குப் பூங்கா, அதற்கும் அப்பால் கடலோரத்தில் 1989ல் திறந்த கசாய் ரின்காய் பூங்கா. தெருவுக்கு ஒரு மருத்துவர், பல் மருத்துவர், கண் மருத்துவர். செய்ஷின்சோவில் வார்டு நடத்தும் சுகாதார உதவி மையம். ஊரில் இவ்வளவு வசதி ஒரே இடத்தில் கிடைக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியிருந்தும் நம் வீடுகளில் ஒருவருடைய உடல்நலம் மட்டும் யார் கணக்கிலும் வராமல் போகிறது. அவர் யார்?

ஒரு வீடு, நான்கு பேர்

நம் வீடுகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணவர், மனைவி, இரண்டு பிள்ளைகள்.

பிள்ளைகளுக்குக் குறையே இல்லை. பிறந்தது முதல் தடுப்பூசி அட்டவணை வீடு தேடி வருகிறது. ஒன்றரை வயதில் பரிசோதனை, மூன்று வயதில் பரிசோதனை என்று வார்டு அலுவலகமே அழைக்கிறது. 2023 ஏப்ரல் முதல் டோக்கியோவின் 23 வார்டுகளிலும், பதினெட்டு வயது நிறைந்த பின் வரும் மார்ச் மாதம் வரை, காப்பீட்டுக்கு உட்பட்ட சிகிச்சைக்கு நாம் கைக்காசு கொடுக்க வேண்டியதில்லை.

கணவருக்கும் குறை இல்லை. 1972ஆம் ஆண்டின் தொழிலாளர் பாதுகாப்பு மற்றும் சுகாதாரச் சட்டப்படி, நிறுவனம் தன் ஊழியருக்கு ஆண்டுக்கு ஒருமுறை உடல் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். போகாவிட்டால் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக வரும். இரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே எல்லாம் பார்த்து ஏ, பி, சி என்று தரம் போட்டுத் தாள் வரும். கல்லீரலுக்கு 'சி' வந்துவிட்டால் அன்று மாலை வீடே கூடி ஆலோசனை நடத்தும். மறுநாளிலிருந்து அப்பளம் பொரிப்பது நிற்கும்!

அந்த அப்பளத்தை நிறுத்துகிறவர் யார்? மனைவி. அவருக்குக் கடைசியாக இரத்தப் பரிசோதனை நடந்தது எப்போது? பல வீடுகளில் இதற்குப் பதில், "சின்னவன் பிறந்தப்போ" என்பதுதான். அவனுக்கு இப்போது பத்து வயது.

வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு அலுவலகப் பரிசோதனை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சார்ந்திருப்போர் விசாவில் இருப்பவர்கள், அனுமதி பெற்றாலும் வாரம் 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம். முழுநேர ஊழியரின் வேலை நேரத்தில் முக்கால் பங்காவது வேலை செய்யும் பகுதிநேர ஊழியர்களுக்குத்தான் நிறுவனம் கட்டாயம் பரிசோதனை செய்ய வேண்டும். வாரம் 40 மணி நேரத்துக்கு முக்கால் பங்கு என்றால் 30 மணி நேரம். நம் பெண்கள் 28ல் நின்றுவிடுகிறார்கள். ஆக, வீட்டில் இருந்தாலும் பகுதிநேரம் வேலைக்குப் போனாலும், அவர்களைத் தேடி வந்து "இன்று உங்களுக்குப் பரிசோதனை" என்று சொல்ல யாரும் இல்லை.

பீரோவில் இருந்த கையேடு

எங்களை இந்தக் கட்டுரை எழுத வைத்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். சம்பந்தப்பட்ட சகோதரியின் அனுமதியோடுதான் சொல்கிறோம். பெயர் வேண்டாம்.

வயது 38. இரண்டாவது குழந்தை இங்கேதான் பிறந்தது. கர்ப்பமாக இருந்தபோது சர்க்கரை கூடியிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டைக் குறைத்து, விரலில் குத்திப் பார்த்து, நல்லபடியாகப் பிரசவம் ஆயிற்று. "மூன்று மாதத்துக்குள் வந்து சர்க்கரையை மறுபடி பாருங்கள்" என்று மருத்துவர் சொன்னார். அதற்குள் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா விசா முடிந்து திரும்பிவிட்டார். கைக்குழந்தை ஒன்று, பள்ளிக்குப் போகிற மூத்தவள் ஒன்று. 'அடுத்த மாதம் போகலாம்' என்று தள்ளிப்போட்டது அப்படியே நின்றுவிட்டது.

ஆறு ஆண்டுகள் ஓடின. இடையில் உடம்பு இளைத்தது. "நடந்து நடந்து கொழுப்பு கரைஞ்சிடுச்சு" என்று எல்லோரும் பாராட்டினோம். எங்களில் சிலர் அவரிடம் யோசனையும் கேட்டோம்! கண் மங்கியது, கண்ணாடியை மாற்றினார். இரவில் நான்கு முறை எழுந்தார். வயதாகிறது என்று நினைத்தார். கடைசியில் சைக்கிள் மிதியில் பட்டு காலில் ஏற்பட்ட சிறிய காயம் ஒன்றரை மாதமாக ஆறவில்லை. தோல் மருத்துவரிடம் போனபோது அவர்தான் சந்தேகப்பட்டு இரத்தம் எடுக்கச் சொன்னார். மூன்று மாதச் சர்க்கரை அளவான ஹெச்பிஏ1சி 11ஐத் தாண்டியிருந்தது. 6.5 வந்தாலே நீரிழிவு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விழித்திரையிலும் பாதிப்பு தொடங்கியிருந்தது.

மருத்துவர் பழைய விவரம் கேட்டபோதுதான் பீரோவில் பாஸ்போர்ட்டுகளோடு வைத்திருந்த தாய்-சேய் நலக் கையேட்டை எடுத்தார்கள். அதில் எல்லாம் எழுதியிருந்தது. பிரசவத்துக்குப் பிறகு தாய்க்குச் சோதனை வேண்டும் என்பதும் எழுதியிருந்தது. ஆறு ஆண்டுகளாக அந்தக் கையேட்டைக் குழந்தையின் தடுப்பூசிப் பக்கத்துக்காக மட்டுமே திறந்திருக்கிறார்கள்.

கணவரிடம் அதே ஆறு ஆண்டுகளின் அலுவலகப் பரிசோதனைத் தாள்கள் வரிசையாகக் கோப்பில் இருந்தன. "என் பக்கத்தில் படுத்திருந்தவளைப் பார்க்காமல் என் கொலஸ்ட்ராலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று அவர் எங்களிடம் சொன்னபோது குரல் உடைந்துபோயிற்று. இன்று அந்தச் சகோதரி மருந்தாலும் நடையாலும் நன்றாக இருக்கிறார். கண்ணையும் தவறாமல் காட்டி வருகிறார். ஆனால் கண்ணில் ஏற்பட்டது முன்பே தடுத்திருக்கக்கூடியது. அதுதான் மனத்தை அறுக்கிறது.

ஜப்பான் தருவதை நாம் வாங்கிக்கொள்கிறோமா?

"அரசாங்கம் ஏன் பெண்களைக் கவனிக்கவில்லை?" என்று கேட்கத் தோன்றும். உண்மையில் கவனித்திருக்கிறார்கள். 2008 ஏப்ரல் முதல், 40 வயது முதல் 74 வயது வரை உள்ள அனைவருக்கும், காப்பீட்டில் சார்ந்திருப்போரையும் சேர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை 'தொக்குதேய் கென்ஷின்' என்ற பரிசோதனையைக் காப்பீட்டு அமைப்புகள் நடத்துகின்றன. எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், சிறுநீர் எல்லாம் அதில் அடங்கும். புற்றுநோய்ப் பரிசோதனைகளை நகராட்சிகள் நடத்துகின்றன. கருப்பைவாய்க்கு 20 வயதிலிருந்தும், மார்பகத்துக்கு 40 வயதிலிருந்தும், பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். கட்டணம் இல்லை, அல்லது மிகக் குறைவு.

அப்படியென்றால் தடை எங்கே? எங்களுக்குத் தெரிந்த வரையில் நான்கு இடங்களில்.

முதலாவது, அந்தக் கடித உறை. 'ஜுஷின்கென்' என்ற பரிசோதனைச் சீட்டு தபாலில் வரும். சில காப்பீடுகளில் கணவரின் அலுவலகம் வழியாக வரும். முழுவதும் ஜப்பானிய மொழி. பீட்சா விளம்பரம், வீட்டு விற்பனை விளம்பரம் ஆகியவற்றோடு அதுவும் குப்பைக்குப் போகிறது. அலுவலகம் வழியாக வந்தது கணவரின் மேசை இழுப்பறையில் தூங்குகிறது. சீட்டு வந்ததே மனைவிக்குத் தெரியாது.

இரண்டாவது, மொழி. தொலைபேசியில் முன்பதிவு செய்யவே பயம். கணவர்தான் பேச வேண்டும். அவருக்கு நேரம் இல்லை.

மூன்றாவது, கூச்சம். ஆண் மருத்துவரிடம் மார்பகத்தையோ கருப்பைவாயையோ காட்ட வேண்டுமே என்று நம் பெண்கள் தயங்குவது இயல்பு. அதைக் கேலி செய்வதில் பயனில்லை. பெண் மருத்துவர் இருக்கும் இடத்தைத் தேடித் தருவதுதான் பயன்.

நான்காவதுதான் பெரியது. "எனக்கு என்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்ற பதில். நம் அம்மாக்களும் அத்தைகளும் சொல்லிச் சொல்லி நம் பெண்களுக்கும் ஒட்டிக்கொண்ட வாசகம் இது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருப்பதைச் சாப்பிடுவது போல, எல்லோருடைய உடம்பையும் பார்த்த பிறகு மிச்சம் நேரம் இருந்தால் தன் உடம்பு. அப்படி ஒரு மிச்ச நேரம் எந்த வீட்டிலும் வந்ததில்லை.

நாற்பதும் தொண்ணூறும் நமக்குப் பொருந்துமா?

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஜப்பானியரின் அளவுகோல்கள் ஜப்பானியருக்காக வகுக்கப்பட்டவை. அவை அப்படியே நமக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

இந்தப் பரிசோதனையில் இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆண்களுக்கு 85 சென்டிமீட்டர், பெண்களுக்கு 90 சென்டிமீட்டர். ஆனால் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு தெற்காசியருக்குச் சொல்லும் எல்லை ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80. பெண்களுக்குப் பத்து சென்டிமீட்டர் வித்தியாசம்! 86 சென்டிமீட்டர் இடுப்பு உள்ள நம் சகோதரிக்கு இங்கே 'சரி' என்று தாள் வரும். நம் உடல்வாகுக்கு அது எச்சரிக்கை அளவு. உடல் எடைக் குறியீடும் அப்படித்தான். இங்கே 25 வரை பரவாயில்லை. இந்தியருக்கு 23லேயே கவனம் வேண்டும் என்கிறார்கள். இரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தால் தாளில் குறி போட்டிருக்கும். ஆனால் இடுப்பும் எடையும் அவர்கள் எல்லைக்குள் இருந்தால் உணவு, உடற்பயிற்சி பற்றிய ஆலோசனைக்கு அழைப்பு வராது. அழைப்பு வரவில்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். தாளில் உள்ள எண்களைப் பாருங்கள்.

40 வயது என்ற தொடக்கமும் நமக்குத் தாமதம். நம்மவர்களுக்கு நீரிழிவு மற்றவர்களைவிட ஏறக்குறைய பத்து ஆண்டுகள் முன்னதாக, ஒல்லியான உடம்பிலும் வருகிறது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2022 முதல் எல்லோருக்குமே 35 வயதில் பார்க்கச் சொல்கிறது. பெற்றோருக்கு இருந்தாலோ, கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்திருந்தாலோ, இன்னும் முன்பே பார்க்க வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம். குழந்தை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிட்டது என்று மறந்துவிடக்கூடிய விஷயம் அல்ல இது.

இரத்தசோகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. ஜப்பானுக்கு விமானம் ஏறியதும் அது போய்விடுமா? ஆனால் 40 வயதுப் பரிசோதனையின் அடிப்படைப் பட்டியலில் இரத்தசோகைச் சோதனை இல்லை. மருத்துவர் தேவை என்று கருதினால்தான் சேர்ப்பார். நாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் பி12 பற்றியும், வெயிலில் அதிகம் நடமாடாதவர்கள் வைட்டமின் டி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

"ஊருக்குப் போகும்போது பார்த்துக்கலாம்"

இந்தப் பதிலைக் கேட்காத நிஷிகசாய்த் தமிழர் உண்டா? ஊரில் மொழிச் சிக்கல் இல்லை, காலையில் இரத்தம் கொடுத்தால் மாலையில் முடிவு. நாங்கள் அதைக் குறை சொல்லவில்லை. இங்கே ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் நடப்பது என்ன? இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்று வாரம் ஊர். அதில் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, குலதெய்வம் கோயில், பல் மருத்துவர், தையல்கடை. பரிசோதனை நாள் ஒதுக்கியிருந்தாலும் அன்றைக்குத்தான் யாராவது விருந்துக்கு அழைப்பார்கள். செய்துகொண்டாலும், முடிவில் ஏதாவது கூடியிருந்தால் "மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்பார் மருத்துவர். மூன்று மாதம் கழித்து நாம் எங்கே இருப்போம்? இங்கே, இந்த அடுக்குமாடியில். ஆகவே ஊரில் செய்துகொண்டவர்கள் அந்தத் தாளை ஆங்கிலத்தில் வாங்கி வந்து, இங்குள்ள மருத்துவர் ஒருவரிடம் காட்டித் தொடர வேண்டும். பெட்டியில் ஊறுகாய் பாட்டிலுக்கு இருக்கும் இடம், இரண்டு தாளுக்கு இருக்காதா?

வெள்ளத்துக்குப் பை கட்டத் தெரிந்த நமக்கு

நாம் இருக்கும் வார்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய எழுபது சதவீதம், கடல் ஏற்றத்தின்போது நீர்மட்டத்துக்கும் தாழ்வானது. 2019ல் எடோகவா வார்டு வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையிலேயே, இங்கே இருக்கக்கூடாது என்று அச்சிட்டிருந்தார்கள். வெள்ளம் வரும் முன்பே வார்டை விட்டு வெளியேறிவிடுங்கள் என்பது அதன் பொருள். ஒரு நிர்வாகம் தன் மக்களிடம் இப்படி உண்மையை மறைக்காமல் சொன்னது அப்போது பெரிதாகப் பேசப்பட்டது.

அதைப் பார்த்து நாமும் அவசரப் பை கட்டி வாசலருகே வைத்தோம். தண்ணீர், டார்ச், ரொட்டி, பாஸ்போர்ட் நகல். ஆண்டுக்கு ஒருமுறை காலாவதித் தேதியும் பார்க்கிறோம். வராமலே போகக்கூடிய வெள்ளத்துக்கு இவ்வளவு ஏற்பாடு! நம் வீட்டுக்குள் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும்? சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். நம் வீட்டுச் சுவர் யார் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது இந்தப் பகுதியின் வழக்கம் அல்ல. எங்கள் யோசனைகள் இவை.

1. கணவர்மார்களே, இந்த வாரமே அலுவலக இழுப்பறையைத் திறந்து பாருங்கள். காப்பீட்டு அமைப்பிடம் "என் மனைவிக்குப் பரிசோதனைச் சீட்டு அனுப்பினீர்களா? 40 வயதுக்குக் குறைந்த மனைவிக்கு உதவி உண்டா?" என்று கேளுங்கள். சில நிறுவனக் காப்பீடுகளில் இளைய வயது மனைவிக்கும் உதவித்தொகை உண்டு. கேட்டால்தான் தெரியும். உங்கள் பரிசோதனை நடக்கும் மாதத்திலேயே அவருடையதையும் முடித்துவிடுங்கள். அன்று காலை பிள்ளைகளை நீங்கள் பள்ளிக்கு அனுப்புங்கள்.

2. 40 வயதுக்குக் குறைந்த சகோதரிகள் வார்டு அலுவலகத்திலோ சுகாதார உதவி மையத்திலோ விசாரியுங்கள். இளையவர்களுக்கும் தனியே பரிசோதனை நடத்தும் நகராட்சிகள் உண்டு. இல்லையென்றால் சொந்தச் செலவில் அடிப்படைப் பரிசோதனை செய்துகொள்ளலாம். முன்பே கட்டணம் கேட்டுக்கொள்ளுங்கள். அறிகுறியோ, கர்ப்பகாலச் சர்க்கரை போன்ற பழைய விவரமோ இருந்தால் அதைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். மருத்துவர் தேவை என்று கருதினால் காப்பீட்டிலேயே, நம் பங்கு மூன்று பத்தில் ஒன்றாக அல்ல, பத்தில் மூன்றாக முடிந்துவிடும்.

3. தாய்-சேய் நலக் கையேட்டை இன்று எடுத்து, குழந்தையின் பக்கத்தை விட்டுத் தாயின் பக்கத்தைப் பாருங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் பற்றி ஏதாவது குறித்திருந்தால் அந்தக் கையேட்டோடு மருத்துவரிடம் போங்கள்.

4. நான்கைந்து சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். "கென்ஷின் ஓ உகேதாய் தெஸ்" என்றால் பரிசோதனை செய்துகொள்ள விரும்புகிறேன் என்று பொருள். "ஒன்னா நோ சென்செய்" என்றால் பெண் மருத்துவர். "ஹின்கெத்சு" என்றால் இரத்தசோகை. "தோன்யோபியோ" என்றால் நீரிழிவு. அதற்கு முன் "நின்ஷின்" சேர்த்தால் கர்ப்பகால நீரிழிவு. தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும். மை நம்பர் அட்டையையும் சீட்டையும் மறக்காதீர்கள். எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் வர வேண்டும் என்பதையும் முன்பதிவின்போதே கேளுங்கள். காபியும் சாப்பாடுதான்!

5. நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு எத்தனையோ விழா நடத்துகிறோம். புதிய நிதியாண்டின் சீட்டுகள் வந்து சேரும் மே, ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை 'உறை திறக்கும் நாள்' என்று வைத்தால் என்ன? அவரவர் வீட்டுக்கு வந்த உறைகளை அப்படியே கொண்டுவரட்டும். ஜப்பானிய மொழி படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகளும் நண்பர்களும் படித்துச் சொல்லட்டும். அங்கேயே தொலைபேசியில் முன்பதிவு செய்துகொடுக்கட்டும். பெண் மருத்துவர்கள் உள்ள இடங்களின் பட்டியலைச் சகோதரிகளே சேர்ந்து தயாரிக்கலாம். தனியாகப் போகத் தயங்குபவரோடு இன்னொருவர் துணைக்குப் போகலாம். ஒரு தட்டு கேசரியும் இரண்டு மேசைகளும் போதும், பெரிய செலவு கிடையாது.

இது பெண்களுக்கு மட்டும் ஆன கட்டுரை என்று ஆண்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உண்மையில் இது உங்களுக்குத்தான் எழுதியது. விசா உங்கள் பெயரில், காப்பீடு உங்கள் பெயரில், வீட்டுக்கு வரும் கடிதங்கள் உங்கள் பெயரில். சட்டத்தின் பார்வையில் அவர் உங்களைச் சார்ந்தவர். நடைமுறையில் வீட்டில் உள்ள மற்ற மூன்று பேரும் அவரைச் சார்ந்தவர்கள்.

எங்கள் வீடுகளிலும் இதே தவறு நடந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். அந்தச் சகோதரியின் செய்தி தெரிந்த வாரத்தில் நாங்களும் எங்கள் வீட்டு உறைகளைத் தேடினோம். ஒருவர் வீட்டில் மூன்று ஆண்டுச் சீட்டுகள், பிரிக்காமலே, ரப்பர் பேண்ட் போட்டு இருந்தன. இந்த ஆண்டுச் சீட்டு மட்டும் இன்னும் செல்லும். முன்பதிவு ஆகிவிட்டது.

உங்கள் வீட்டு உறை எங்கே இருக்கிறது? தேடிப் பாருங்கள். பரிசோதனை முடித்த சகோதரிகள் தங்கள் அனுபவத்தை, என்ன கேட்டார்கள், எங்கே தடுமாறினோம் என்பதையெல்லாம், எங்களுக்கு எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் மற்றவர்களுக்கும் பயன்படும்படி வெளியிடுவோம்.

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம். அது வீட்டில் உள்ள அனைவருக்கும் ஆகட்டும். மீண்டும் சந்திப்போம்.